லூபஸ் நோயும் மும்பைத் தமிழராகிய நாமும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், வழக்கம்போல் நான் சங்க இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்தார்கள். இம்முறை ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். செம்பூரில் குடியிருக்கும், ஓய்வு பெற்ற கணக்கர். தாராவியில் இருக்கும் என் தங்கை மகளுக்கு லூபஸ் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவளோடு ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

லூபஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்று பொருள். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்த வடுவைப்போல் இருக்கிறதென்று அக்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் இட்ட பெயர். கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குவதுதான் இந்நோய். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம், மூளை என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. இது தொற்று நோய் அன்று. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள், படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கும் பருவத்தில் வருகிறது.

எங்கள் பெண்ணுக்கு முதலில் விரல் மூட்டுகள் வலித்தன. பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மூக்கின் இரு பக்கமும் பட்டாம்பூச்சி இறகு விரித்தாற்போல் சிவந்தது. "மங்குதான், மஞ்சள் பூசு" என்றாள் என் தங்கை. மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு, நுரையீரலைச் சுற்றி நீர் என்றானதும் எல்லோருக்கும் காசநோய் என்ற சந்தேகம் வந்துவிட்டது. மும்பையில், அதிலும் தாராவியில், அந்தச் சந்தேகத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் லூபஸும் நுரையீரல் உறையில் நீர் கோக்க வைக்கும். ஒரு நாள் சிறுநீர் சோப்பு நுரைபோல் நுரைத்தது. சிறுநீரகத்தில் புரதம் ஒழுகுவதன் அடையாளம் அது. அதற்குப் பிறகே ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் மட்டும் லூபஸ் ஆகிவிடாது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில் சிலருக்கும் அப்படி வரும். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்த நிபுணரிடம் காட்ட வேண்டும். பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. எலும்பு டாக்டரும் தோல் டாக்டருமாக அலையும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

இந்நோய்க்கு வெயில் ஆகாது. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் தோலில் மட்டுமல்ல, உள்ளுறுப்புகளிலும் நோய் கிளர்ந்தெழக் கூடும். தாராவியில் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அப்பளம் காய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு மணி வெயிலில் அதைத் திருப்பிப் போட இவள் வரவில்லை என்றதும் அக்கம்பக்கத்தார் வாய் சும்மா இருக்குமா? "பார்த்தா நல்லாத்தான இருக்கா, உடம்பு வணங்கலை" என்றார்கள். லூபஸ் தரும் அசதி தூங்கினால் தீருகிற அசதி அன்று. கட்டுப் போட்ட காலைப் பார்த்தால் லோக்கல் ரயிலில்கூட இடம் கொடுப்பார்கள். இவளுக்கு யார் கொடுப்பார்?

கல்யாணப் பேச்சு வந்ததும் வீட்டாரே நோயை மறைக்கிறார்கள். மறைப்பதற்காக மாத்திரையை நிறுத்துகிறார்கள். இதைவிட ஆபத்து வேறில்லை. ஸ்டீராய்டு மாத்திரையைப் பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே மோசம் வரலாம். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, மருத்துவரைக் கேட்டு, பிள்ளைக்கு ஆகாத மருந்துகளை முன்கூட்டியே மாற்றிக்கொண்டால், லூபஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறலாம். எங்கள் பெண்ணின் மாமியாரிடம் இதை முன்னதாகவே சொல்லித்தான் தாலி கட்டினோம். இரண்டு வரன் தட்டிப் போனது வேறு கதை.

பெரும்பாலான லூபஸ் நோயாளிகளுக்கு அடிப்படை மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். உறவுமுறையில் இது கொய்னாவின் பேத்தி. நீலகிரியில் நடுவட்டத்தில் வெள்ளைக்காரன் சிங்கோனா மரம் பயிரிட்டுப் பட்டையிலிருந்து எடுத்தானே, அதே கொய்னா. 1894இலேயே லண்டனில் பெய்ன் என்ற மருத்துவர் லூபஸ் தோல் நோய்க்குக் கொய்னாவைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் மலேரியா மருந்து சாப்பிட்ட சிப்பாய்களுக்குத் தோல் தடிப்பும் மூட்டு வலியும் குறைந்ததைக் கண்டார்கள். 1955இல் இன்றைய மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய் மீண்டும் கிளம்பாமல் இது அடக்கி வைக்கிறது. விழித்திரையைக் கெடுக்கக் கூடும் என்பதால், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுத்து, கண்ணையும் அவ்வப்போது பரிசோதிப்பார்கள்.

2020 மார்ச் 22ஆம் தேதி, கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்கள் முன்தடுப்பாக இதே மாத்திரையைச் சாப்பிடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. வேண்டியவர் வேண்டாதவர் எல்லாம் வாங்கிப் பதுக்கினார்கள். 26ஆம் தேதி அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. அதற்குள் கடைகளில் அலமாரி காலி. ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி, தெருக்களை அடைத்தார்கள். தாராவி, வொர்லி மக்களுக்கு இந்த மாத்திரையை மொத்தமாகக் கொடுக்க மாநகராட்சி திட்டமிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஊருக்கெல்லாம் கொடுக்கப் போவதாகச் சொன்ன மருந்து, அது இல்லாமல் முடியாதவளுக்குக் கிடைக்கவில்லை. இதை அதிகம் தயாரிக்கும் கம்பெனிகளில் ஒன்றின் தலைமையகம் இதே மும்பையில், கந்திவலியில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"மாமா, இன்னும் ஏழு மாத்திரைதான் இருக்கு. நாலு கடையிலயும் இல்லன்னுட்டாங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிடவா?" என்று போன் செய்தாள். டாக்டரைக் கேட்காமல் குறைக்காதே என்று சொல்லிவிட்டு, நம் சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முடக்குவாதத்துக்கும் இதே மாத்திரை உண்டல்லவா? மாட்டுங்காவில் ஒரு பாட்டியம்மா மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்திருந்தார். எங்கள் பெண்ணின் டாக்டரிடம் பெயரும் அளவும் போனில் சரிபார்த்துக்கொண்டு, மூன்று அட்டை கொடுத்தார். அவருடைய பேரன், சயானில் வேலைக்குப் போகும் நர்ஸ் பெண்ணொருத்தி, 90 அடி சாலையில் ரேஷன் பொட்டலம் கொடுத்த இளைஞர்கள் என்று கைமாறி, மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஜூன் மாதமே பெரிய ஆய்வுகள், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இந்த மருந்தால் பயனில்லை என்று காட்டிவிட்டன.

அந்த இரண்டு நாள் தொலைபேசியில் வேறொன்றும் நடந்தது. "என் மருமகளுக்கும் இதுதான் சார், வெளியில சொல்றதில்ல" என்று நான்கு வீட்டில் சொன்னார்கள். செம்பூரில் ஒருவர் என் அடுத்த கட்டடம். பன்னிரண்டு வருஷப் பழக்கம். பொங்கல் விழாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இப்போது அந்த ஐந்து பெண்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். எந்தக் கடையில் மாத்திரை இருக்கிறது, யாருக்குக் காய்ச்சல், யார் கண் பரிசோதனைக்குத் துணை வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

கடைகளில் மாத்திரை வரத் தொடங்கியதும் எங்கள் பெண் மூன்று அட்டை வாங்கிக்கொண்டு மாட்டுங்கா போனாள். பாட்டியம்மா இரண்டைத்தான் வாங்கிக்கொண்டாராம். மூன்றாவதை, அடுத்து யாராவது போன் செய்தால் கொடுக்கச் சொல்லி அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.