உணவுக்குழாய் புற்றுநோய்: புரோட்டான் சிகிச்சையா, வழக்கமான கதிர்வீச்சா? எதைத் தேர்ந்தெடுப்பது?

உணவுக்குழாயில் புற்றுநோய், கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் எழும் கேள்வி இதுதான்: "புதுசா புரோட்டான்னு ஒண்ணு வந்திருக்காமே, கடனை உடனை வாங்கியாவது அதையே கொடுத்துடலாமா?" சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் மையம் இயங்குவதால், இது நமக்குத் தூரத்துக் கேள்வி அல்ல.

என்ன வித்தியாசம்?

வழக்கமான சிகிச்சையில் பயன்படுவது போட்டான், அதாவது சக்திவாய்ந்த எக்ஸ்ரே. அது கட்டியைத் தாக்கிவிட்டு, உடலின் மறுபக்கம் வரை ஊடுருவும். உணவுக்குழாய் இருப்பதோ இதயத்துக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே. எனவே அவற்றின் மீதும் கதிர் படும். ஐ.எம்.ஆர்.டி போன்ற நவீன முறைகள் அதைக் குறைக்கும், முழுவதுமாகத் தவிர்க்காது.

புரோட்டான் அப்படியல்ல. குறிப்பிட்ட ஆழத்தில் பெரும்பகுதி ஆற்றலை இறக்கிவிட்டு, அங்கேயே நின்றுவிடும்.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மைய மருத்துவர்கள் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். 107 நோயாளிகளின் விவரங்கள் அலசப்பட்டன. பக்கவிளைவுகளின் மொத்தச் சுமைக்கான மதிப்பெண் ஐ.எம்.ஆர்.டி-யில் 39.9, புரோட்டானில் 17.4. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களும் புரோட்டானில் குறைவு.

ஆனால், 3 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய 44.5 சதவிகிதம்தான். ஆக, இந்த ஆய்வில் புரோட்டான் குறைத்தது பக்கவிளைவுகளை, ஆயுள் கூடவில்லை. இது சிறிய ஆய்வு என்பதையும் மறக்க வேண்டாம்.

யாருக்குப் பயன்?

இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள், மார்புப் பகுதியில் ஏற்கெனவே கதிர்வீச்சு எடுத்தவர்கள் ஆகியோருக்குப் புரோட்டான் பற்றி டாக்டரிடம் அவசியம் பேசலாம். இதிலும் சவால் உண்டு. மூச்சு விடும்போது கட்டி நகர்ந்தால் புரோட்டானின் குறி தப்பலாம். அதனால் திட்டமிடலில் கூடுதல் கவனம் தேவை. செலவும் பல மடங்கு அதிகம்.

டாக்டரிடம் கேளுங்கள்

* இரண்டு முறையிலும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு கதிர் போகும்?
* எங்கள் நோயாளிக்கு அந்த வித்தியாசம் முக்கியமானதா?
* காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்?
* காத்திருந்தால் சிகிச்சை தாமதமாகுமா?

புரோட்டானுக்கு வசதி இல்லையே என்று குற்ற உணர்வு வேண்டாம். வழக்கமான கதிர்வீச்சை, கீமோதெரபியோடு சேர்த்து, குறித்த நாளில் தொடங்கி இடையில் நிறுத்தாமல் முடிப்பதும் தரமான சிகிச்சைதான்.