கீபோர்டா, பெட்டியா, ரேக்கா? சின்தசைஸர் வாங்கும் முன் இதைப் படிங்க!

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் பாட்டுச் சத்தத்துக்குப் பஞ்சமே இருக்காது. 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏறும் நாள் நெருங்க நெருங்க, ஒருபக்கம் பஜனை, இன்னொரு பக்கம் பக்திப் பாடல் கச்சேரி என்று ஊரே களைகட்டும். அந்த மேடைகளில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார் கீபோர்டு வாசிப்பவர். நாகஸ்வரம் வேண்டுமா, புல்லாங்குழல் வேண்டுமா, முப்பது வயலின் சேர்ந்து இழைக்கும் ஒலி வேண்டுமா... எல்லாமே அவருடைய பத்து விரல்களிலிருந்துதான் வரவேண்டும்.

அந்த நாற்காலியில் தானும் ஒருநாள் உட்கார வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வீட்டு நகையை அடகு வைத்தோ, மாதத் தவணை போட்டோ முதல் கருவியை வாங்குகிறார்கள். கடைக்குப் போனால்தான் குழப்பமே ஆரம்பிக்கும். நீளமான கட்டைகளுடன் ஒன்று, டிபன் பாக்ஸ் மாதிரி ஒன்று, டிவிடி பிளேயர் மாதிரி தட்டையாக இன்னொன்று. மூன்றையும் 'சின்தசைஸர்' என்றே சொல்வார் கடைக்காரர். எதை வாங்குவது?

ஒரே மூளை, மூன்று உடம்பு

ஒலியை உருவாக்கும் மின்சுற்றுதான் சின்தசைஸரின் மூளை. அதை எந்த உடம்புக்குள் வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கட்டைகளும் மூளையும் சேர்ந்தே இருந்தால் அது கீபோர்டு வகை. ஆர்மோனியம் மாதிரி, திறந்ததும் வாசிக்கலாம்.

கட்டைகள் இல்லாமல், திருகுகளும் பட்டன்களும் மட்டும் உள்ள சின்னப் பெட்டி என்றால் டெஸ்க்டாப் வகை. மேசைமேல் வைக்கும் சுருதிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரேக் வகை. 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திருகி மாட்டும் கருவி. இதன் உயரத்தை 'யு' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு யு என்பது 1.75 அங்குலம்.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது? 1983-ல் 'மிடி' என்ற பொது இணைப்பு முறை அறிமுகமானது. ஒரு கம்பெனியின் கட்டையை அழுத்தினால் இன்னொரு கம்பெனியின் பெட்டி ஒலிக்கும் என்ற நிலை வந்தது. பெட்டிக்குப் பெட்டி கட்டை எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

யமஹாவின் புகழ்பெற்ற டிஎக்ஸ்7 இதற்கு நல்ல உதாரணம். 1983-ல் 61 கட்டைகளுடன், சுமார் 14 கிலோ எடையில் வந்தது. அதே மூளையைக் கட்டையில்லாத பெட்டியாக்கி 'டீ-எக்ஸ்7' என்ற தனிப்பெயரில் மேசைப் பெட்டியாக விற்றார்கள். எட்டு டிஎக்ஸ்7-களை அடுக்கியதற்குச் சமமான 'டீ-எக்ஸ்816' என்ற ரேக்கும் வந்தது. ஒரே குடும்பத்தில் மூன்று வடிவங்கள்!

ஒரு கீபோர்டு, இரண்டு பெட்டி

எந்த வடிவம் எதற்குப் பயன்படும் என்பதைப் புரிந்துகொள்ள, மிடிக்கும் முந்தைய ஒரு மும்பைக் கதை உதவும். இந்திப் படங்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் பயன்படுத்தியவை மூன்றே ரோலண்ட் கருவிகள். ராகத்தை வாசிக்க ஜூபிடர்-8 கீபோர்டு. தாளத்துக்கு டிஆர்-808 பெட்டி. பேஸ் ஒலிக்கு டிபி-303 பெட்டி. அன்று அந்த இசைத்தட்டு பெரிதாக விற்கவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோது உலகமே ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விரல் நேரடியாக ராகம் வாசிக்கும் இடத்தில் முழு அளவுக் கட்டை. முன்பே பதிந்துவைத்து ஓடவிடும் இடத்தில் பெட்டி. இன்று கருவி வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

கீபோர்டு: மேடைக்கு ராஜா

மேடையில் நேரம்தான் எதிரி. முந்தைய பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் ஒலியை மாற்ற வேண்டும். கீபோர்டில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஒரு மின்வயர், ஒரு ஒலிவயர் செருகினால் போதும். வயர் குறைந்தால் கோளாறும் குறையும்.

நம் இசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கமகம்! பியானோ கட்டை ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவுமே தவிர, வழுக்கிப் போகாது. அந்த வழுக்கலைத் தருவது கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் பிட்ச் வீல் அல்லது ஜாய்ஸ்டிக். வலக்கை ஸ்வரம் பிடிக்க, இடக்கை அசைத்துக் குழைக்கும். தோடியோ கல்யாணியோ, கேட்பவருக்கு ராகமாகத் தெரிவது அந்த இடக்கை வேலையால்தான்.

குறை? எடையும் நீளமும். 61 கட்டைக் கருவி என்றால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை வெறுங்கையோடு நடந்துவிடலாம். 14 கிலோ கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நெரிசலான பஸ்ஸில் ஏறுவது வேறு விஷயம். அதனால் வாங்கும் முன் உறையோடு சேர்த்துத் தூக்கிப் பாருங்கள்.

டெஸ்க்டாப்: சின்ன இடம், பெரிய சத்தம்

வாடகை வீட்டில் ஒரு மேசைதான் இடம் என்பவர்களுக்கு இது வரம். சரண்ஜித் சிங் வாசித்த ஜூபிடர்-8 இருபது கிலோவுக்கும் மேல். அதன் ஒலியை ஒரு கிலோவுக்கும் குறைவான ஜேபி-08 என்ற பெட்டியில் அடக்கி 2015-ல் வெளியிட்டது ரோலண்ட். பேட்டரியிலும் ஓடும்.

ஆனால், உடம்பு சுருங்கும்போது வேறு சிலவும் சுருங்கலாம். ஜூபிடர்-8-ல் ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரங்கள் ஒலிக்கும். ஜேபி-08-ல் நான்குதான். இடக்கையில் மூன்று ஸ்வரக் கார்டு பிடித்தால் வலக்கைக்கு ஒன்றுதான் மிஞ்சும். 'அதே சவுண்டுதான் சார்' என்று சொன்னால், 'ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம்?' என்று கேட்டுவிடுங்கள்.

பெட்டியை மட்டும் வாங்கினால் வாசிக்கவும் முடியாது. கட்டைக்குத் தனிச்செலவு உண்டு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இப்போது வரும் மலிவான மிடி கீபோர்டுகள் பலவற்றில் யுஎஸ்பி மட்டும்தான் இருக்கும். பெட்டியிலோ வட்டமான ஐந்து முனை மிடி துளை இருக்கும். இரண்டையும் நேராக இணைக்க முடியாது. நடுவில் கம்ப்யூட்டரோ, தனிக் கருவியோ வேண்டும். வாங்கிவந்த பிறகு இது தெரிந்தால், மிச்சம் பிடித்த பணம் அதற்கே போய்விடும்.

ரேக்: ஸ்டுடியோவின் அலமாரி

1990-களில் ஸ்டுடியோக்களை ஆண்டது இந்த வடிவம்தான். 1994-ல் வந்த ரோலண்ட் ஜேவி-1080, இரண்டு யு உயரம்தான். ஆனால், ஒரே நேரத்தில் 16 வெவ்வேறு வாத்தியங்களாக ஒலிக்கும். ஒரு கீபோர்டு, பக்கத்தில் இரண்டு மூன்று ரேக், இயக்க ஒரு கம்ப்யூட்டர். ஓர் ஆர்கெஸ்ட்ராவே அறைக்குள் வந்துவிடும்.

இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் மென்பொருளே செய்துவிடுகிறது. அதனால் பழைய ரேக்குகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. ஒலி பிரமாதமாக இருக்கும். ஆனால், சின்னத் திரையில் பட்டனைத் தட்டித் தட்டித்தான் ஒலியை மாற்ற வேண்டும். ஓரிடத்தில் நிலையாக வைத்து, பொறுமையாகப் பதிவு செய்பவர்களுக்கு இது சரி. வாரம் ஓர் ஊர் போகிறவர்களுக்குச் சுமைதான்.

பழையது வாங்குகிறீர்களா? உஷார்!

* பின்பக்கம் வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள். ஜப்பானில் விற்ற கருவி 100 வோல்ட்டில் ஓடும். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். தகுந்த ட்ரான்ஸ்ஃபார்மர் அவசியம்.
* ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைய வேண்டும்.
* பிட்ச் வீலை விட்டதும் ஸ்வரம் சரியாகச் சுருதிக்குத் திரும்புகிறதா என்று கேளுங்கள்.
* பழைய கருவிகளில் நினைவகத்துக்கென உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேமித்த ஒலிகள் அழிந்துவிடும். எப்போது மாற்றினார்கள் என்று விசாரியுங்கள்.
* பெரும்பாலான சின்தசைஸர்களில் ஸ்பீக்கர் இருக்காது. ஹெட்போன் அல்லது ஆம்ப்ளிஃபயர் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

முதலில் எது?

ஏ.ஆர்.ரஹ்மானுக்கு ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே.சேகர் காலமானார். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நாள்களை ஓட்டியது. இசைக் கலைஞரின் வீட்டில் கருவி என்பது அலங்காரப் பொருள் அல்ல, அரிசி பருப்பு. அதனால்தான் முதல் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் இத்தனை கவனம் தேவை.

மேடையில் வாசித்துச் சம்பாதிக்கப் போகிறவர் என்றால், முதல் பணம் கீபோர்டுக்கு. 61 முழு அளவுக் கட்டை, பிட்ச் வீல், யுஎஸ்பியோடு ஐந்து முனை மிடி துளை. இந்த மூன்றும் இருக்கட்டும். பிறகு புது ஒலி தேவைப்பட்டால் ஒரு டெஸ்க்டாப் பெட்டியை வாங்கி இதனோடு இணைத்துக்கொள்ளலாம். கட்டைக்கு மறுபடி செலவில்லை.

வீட்டிலேயே பாட்டு அமைக்கிறவர், கையில் ஏற்கெனவே நல்ல மிடி கீபோர்டு இருக்கிறது என்றால், டெஸ்க்டாப் பெட்டி போதும். நிலையான ஸ்டுடியோ அறை அமைந்தபிறகு ரேக்கைப் பற்றி யோசிக்கலாம்.

விரல்களுக்கான செலவு ஒருமுறைதான். அதைச் சரியாகச் செய்துவிட்டால், சத்தத்தை வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த தீபத்துக்குள் அடகு நகையையும் மீட்டுவிடலாம்!