குறையில் பிறக்கும் ஒளி

ரம்புக்கனையைத் தாண்டியதும் புகையிரதம் மூச்சு வாங்க மலையேறத் தொடங்கும். அவ்வூரிலிருந்து, எங்கள் மாகாணத்தின் மறுகோடியான இரத்தினபுரிக்கு ஒருமுறை சென்றிருந்தேன். கல் வியாபாரி ஒருவர் சிறு நீலக்கல்லொன்றைச் சூரிய வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நோக்கினார். “குறை இருக்கிறது, ஐயா” என்று ஒதுக்கி வைத்துவிட்டார். வீடு திரும்பிய பின்னரும் அச்சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. குறையே இல்லாத கல் எப்படி இருக்கும்?

விஞ்ஞானம் விடை கூறுகிறது: அது நிறமற்றிருக்கும். நீலமும் மாணிக்கமும் அடிப்படையில் ஒரே பொருள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்கு. அதனுள் இரும்பும் டைட்டேனியமும் சிறிதளவு புகுந்தால் நீலம். குரோமியம் புகுந்தால் மாணிக்கம். பால்போல் மங்கிய ‘கெவுட’ என்னும் கற்களை நம்மவர் ஒருகாலத்தில் மதித்ததில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை வாங்கிச் சென்று கடுஞ்சூட்டில் வாட்டினர். மங்கலாய்த் தேங்கியிருந்த டைட்டேனியம் பளிங்கெங்கும் கலந்தது, நீலம் பிறந்தது.

வைரத்தின் கதை இன்னும் வியப்பானது. வைரம் காபன் அணுக்களின் ஒழுங்கான அடுக்கு. அதில் ஓர் அணுவின் இடத்தில் நைதரசன் அமர்ந்து, பக்கத்து இடம் வெறுமையாய்க் கிடந்தால் அது குறையே. ஆயின் பச்சை ஒளியை அதன்மீது பாய்ச்சினால், அக்குறை சிவந்து ஒளிர்கிறது. அத்தகைய ஒற்றைக் குறையின் ஒளியை ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் 1997இல் தனியே கண்டனர். அது போட்டன் எனப்படும் ஒளித்துகளை ஒவ்வொன்றாகவே வெளியிடுகிறது என்பது 2000ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது.

ஏன் ஒவ்வொன்றாக? தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். கூடைக் கொழுந்தைக் கொட்டியவள், மறுபடி நிரைக்குச் சென்று பறித்து நிரப்பினாலன்றி மீண்டும் கொட்ட இயலாது. அக்குறையும் ஒரு துகளை உமிழ்ந்தபின், மறுபடி ஆற்றல் பெற்றாலன்றி அடுத்ததை உமிழாது. விளக்கின் ஒளியோ எண்ணற்ற கூடைகள் ஒருசேரக் கவிழ்ந்தாற் போன்றது. ஒற்றைத் துகளில் இரகசியம் அனுப்பினால் இடையில் நிற்கும் திருடன் அதில் பாதியைக் கிள்ளிக்கொள்ள முடியாது. முழுவதையும் பிடித்து அளந்து வேறொன்றை அனுப்பினாலோ, பிழைகள் தோன்றி அவனைக் காட்டிக்கொடுக்கும்.

வைரத்தின் ஒளியை ஆராய்ந்தோர் வரிசையில் நாம் மறக்கலாகாத பெண்மணி அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1940இல் பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் மெல்லொளியைப் புகைப்படத் தகட்டில் பதிக்க, சில வேளைகளில் பதினைந்து முதல் இருபது மணி நேரம் காத்திருந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் அவர் பெயரில் வெளிவந்தன. 1945இல் தம் ஆய்வேட்டைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லையென்ற காரணத்தால் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது.

குறை கண்டார்கள், ஒளியைக் காணவில்லை! அவரோ சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைக் கற்று, 1948இல் திரும்பி, இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் பதவிவரை உயர்ந்தார்.

எல்லாக் குறையும் ஒளி தராது என்பதை நான் அறிவேன். பிளந்த கல் பிளந்த கல்லே. ஆனால் எது பிளவு, எது ஒளியின் இருப்பிடம் என்பதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்டுவிட முடியாது. பொறுத்திருந்து பார்க்க வேண்டும். வகுப்பறையில் பிள்ளைகளின் முன் நிற்கும் ஆசிரியர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.