பெயரில்லாத கட்டளை

படவேட்டு வாழைத்தார்களைத் தரம் பிரிப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. தாரை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது ஒன்று. எதைத் தனியே வைப்பது என்று தீர்மானிப்பது மற்றொன்று. கணினி நிரலில் லாம்டா என்பது இந்த இரண்டாவது வேலை மட்டும். அதற்குப் பெயர்கூட வைக்க வேண்டியதில்லை.

படவேடு ஜவ்வாது மலையின் அடிவாரம். அதே மலையின் மேல், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988 பிப்ரவரி 17 அன்று அங்கே ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்: எண் 4130, பெயர் ராமானுஜன். அதற்கு முன் மதராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஐந்து சிறுகோள்களைக் கண்டிருந்தார். 67 ஏசியா (1861), 80 சாஃபோ (1864), 87 சில்வியா (1866), 107 கமில்லா (1868), 245 வேரா (1885). வேராவுக்கும் ராமானுஜனுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி.

இந்த ஆறையும் ஒரு பட்டியலாகப் பைத்தான் மொழியில் வைத்துக்கொள்வோம். எண் நூறுக்குக் கீழே உள்ளவை வேண்டும். பழைய வழியில் ஒரு சுழற்சி எழுதி, உள்ளே நிபந்தனை வைத்து, தேறியதை வேறொரு பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தேறியதைத் தரும் வேலையை ஃபில்டரிடம் விட்டு, நிபந்தனையை மட்டும் லாம்டாவில் எழுதினால், தமிழ் எழுத்தில் இவ்வளவுதான்:

ஃபில்டர்(லாம்டா க: க.எண் < 100, சிறுகோள்கள்)

‘க’ என்பது அப்போதைக்குக் கையில் வரும் சிறுகோள். ஏசியா, சாஃபோ, சில்வியா மூன்றும் தேறும். ஃபில்டர் இருந்த இடத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கைச் செய்து தரும் மேப்பைப் போட்டு, நிபந்தனைக்குப் பதில் ‘1988 - க.ஆண்டு’ என்று எழுதினால் 127, 124, 122, 120, 103, 0 என்று வரும். ஒவ்வொன்றும் ராமானுஜனுக்கு எத்தனை ஆண்டு முன்னதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கணக்கு அது. பட்டியலை நடந்து பார்க்கும் வேலையை நாம் எழுதவே இல்லை.

என்னை வியக்க வைப்பது லாம்டாவின் வயது. அலோன்சோ சர்ச் 1930-களில் லாம்டா கணிதத்தை வகுத்தபோது மின்னணுக் கணினியே கிடையாது. தர்க்கத்துக்கும் கணிதத்துக்கும் ஓர் அடித்தளத்தைத்தான் அவர் முதலில் தேடினார். 1936-இல் அதே கருவியைக் கொண்டு, எந்தச் செய்முறையாலும் தீர்க்க முடியாத கேள்விகள் உண்டு என்று நிறுவினார். ஜான் மெக்கார்த்தி 1958-இல் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழிக்கு லாம்டா குறியீடு வந்து சேர்ந்தது. ஜாவா மொழிக்கு லாம்டா வர 2014 ஆயிற்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. பைத்தான் 3-இல் மேலே உள்ள ஃபில்டர் வரியை இயக்கியதும் ஒரு சிறுகோளும் சோதிக்கப்படுவதில்லை. முதல் விடையைக் கேட்டால்தான் ஏசியாவை எடுத்துப் பார்க்கும். அடுத்ததைக் கேட்காவிட்டால் சாஃபோவைத் தொடாது. இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் 10 லட்சத்துக்கும் மேல். அவற்றின் பட்டியல் உள்ள கோப்பை வரிவரியாகப் படித்துக்கொண்டே இதே கட்டளையை ஓட்டலாம். முழுப் பட்டியலையும் நினைவகத்தில் ஏற்றத் தேவையில்லை.

ஆனால் கட்டளை நீண்டு, இரண்டு மூன்று நிபந்தனைகள் பின்னிக்கொண்டால் லாம்டாவை விட்டுவிடுவதே நல்லது. அப்போது தனிச் செயற்கூறாக எழுதி, அது செய்வதைச் சொல்லும் ஒரு பெயரை வைத்து, அந்தப் பெயரை ஃபில்டரிடம் கொடுத்தால் போதும். ஃபில்டர் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தும்.