வாசலில் நிற்கும் சட்டம் – 7: சலூன் நாற்காலியும் பதினைந்தாம் பிரிவும்

தன்பாலின ஈர்ப்பாளர் என்ற காரணத்துக்காக ஒருவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்வி, சென்ற வாரம் பெல்ஃபாஸ்ட் கேக் வழக்கோடு நின்றது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்டல் தேவையில்லை. இவ்வாரம் தங்கும் விடுதிகளைப் பற்றி எழுதப்படும் என்று சொல்லப்பட்டிருந்தது. ஆனால் 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதம் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதைக் கடந்த பிறகே விடுதிக்குப் போக முடியும்.

அரசியலமைப்பின் 15ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே வேறுபாடு காட்டக் கூடாது என்று அரசைத் தடுக்கிறது. இரண்டாம் உட்பிரிவோ அரசை விட்டுவிட்டுக் கடைத்தெருவில் இறங்கி, அதே காரணங்களுக்காகக் கடை, உணவகம், தங்கும் விடுதி, பொழுதுபோக்கிடம் ஆகியவற்றை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று தனிமனிதரையும் கட்டுப்படுத்துகிறது. குடிமகன் அரசுக்கு எதிராக மட்டுமின்றி மற்றொரு குடிமகனுக்கு எதிராகவும் எழுப்பக்கூடிய இத்தகைய உரிமையைச் சட்ட அறிஞர்கள் கிடைமட்ட உரிமை என்பர்.

அன்று இந்த உட்பிரிவு வரைவின் ஒன்பதாம் பிரிவாக விவாதத்துக்கு வந்தபோது, சலவைக்கடையும் முடிதிருத்தும் நிலையமும் இதில் அடங்குமா, மருத்துவரும் வழக்கறிஞரும் தொழில் நடத்தும் இடங்கள் அடங்குமா என்று கேள்விகள் எழுந்தன. அம்பேத்கர் அளித்த விளக்கம், வரைவின் எழுத்தைவிட அகலமானது. கடை என்பது இங்கே உள்ளே காலெடுத்து வைக்க அனுமதிப்பதை மட்டும் குறிக்கவில்லை. கட்டணம் முதலிய நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டவர் சேவையைக் கேட்டுப் பெறும் உரிமையையும் அது குறிக்கிறது. தம் சேவையை வருவோர்க்கு அளிக்க முன்வரும் எவரும் அதில் அடங்குவர் என்பதே அவ்விளக்கத்தின் சாரம். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பெரும்பாலும் நூலகத்தில் கிடந்த இவ்வுரையை உச்ச நீதிமன்றம் 2011இல் ஒரு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கில் எடுத்து, தனியார் கல்வி நிறுவனங்களும் இவ்வுட்பிரிவுக்குக் கட்டுப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. சலூன் நாற்காலியைப் பற்றிய ஒரு கேள்வி கல்லூரி வாசல் வரை சென்றிருக்கிறது.

நுழைவையும் சேவையையும் பிரித்துப் பார்த்த இந்த நுட்பத்தைத் தென்மாவட்டத்து வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடைக்குள் வரவிட்டு வேறு குவளையில் டீ ஊற்றுவதும், கடை வாசலில் நிற்கவிட்டு முடிவெட்ட மறுப்பதும் இப்பகுதி அறிந்த தீண்டாமை வடிவங்களே. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கக் கோரிப் பெரியார் 1957இல் நடத்திய போராட்டம் நாள்கணக்கில் அன்று, மாதக்கணக்கில் நீடித்தது. பலகை எவரையும் தடுக்கவில்லை என்று வாதாட அன்றும் ஆள் இருந்தது. இவ்வகை மறுப்புகளுக்கு அரசியலமைப்பு வாசகம் மட்டும் போதாது என்பதால்தான் 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அது, கடையில் நுழையத் தடுப்பதற்கு ஒரு பிரிவும், பொருள் விற்கவோ சேவை செய்யவோ மறுப்பதற்கு வேறொரு பிரிவும் வைத்து, இரண்டுக்கும் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

தன்பாலின ஈர்ப்பாளர் இந்தப் பாதுகாப்புக்குள் வருவாரா என்பது, 'பால்' என்ற காரணத்தில் பாலீர்ப்பு அடங்குமா என்பதைப் பொறுத்தது. அடங்கும் என்று 2009இல் நாஸ் அறக்கட்டளை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியதோடு, இரண்டாம் உட்பிரிவு குடிமகனையும் கட்டுப்படுத்தும் என்பதையும் சேர்த்தே குறிப்பிட்டது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கவிழ்த்தது; 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பையே கவிழ்த்தது. பாலீர்ப்பு சார்ந்த பாகுபாட்டை 'பால்' என்ற காரணத்துக்குள் வைத்தே அவ்வமர்வின் நீதிபதிகள் சந்திரசூட்டும் இந்து மல்ஹோத்ராவும் தத்தம் தீர்ப்புரைகளில் எழுதினர்.

ஆக, கொள்கையளவில் மறுக்கக் கூடாது. ஆனால் மறுத்தவரை எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்துவது என்று கேட்டால் விடை மெலிந்துபோகிறது. திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்களுக்குக் கிடைக்கும் பொருளையும் சேவையையும் மறுக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு அப்படியொரு வரி எந்த நாடாளுமன்றச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த புகழ்பெற்ற ஆணையும், பெரும்பாலும் காவல்துறை, மருத்துவம், பள்ளி ஆகியவற்றை நோக்கியதே தவிரக் கடைத்தெருவை நோக்கியதன்று.

பெருநகரத்தில் ஒரு கடை மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற சமாதானம் சுந்தரபாண்டியம் போன்ற நெசவூருக்குப் பொருந்தாது. ஒருவரைப் பற்றிய பேச்சு தறிக்கூடத்திலிருந்து டீக்கடைக்குப் போய்ச்சேர அரைநாள் போதும். முடிவெட்டிக்கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பேருந்து ஏறுவதுதான் மிஞ்சும் வழி. மறுப்பவரும் காரணத்தைச் சொல்வதில்லை. 'கடை மூடுற நேரம்', 'ஆள் இல்லை' என்றே சொல்வார்.

கடைக்காரரின் மனச்சாட்சி என்ற எதிர்வாதத்துக்கும் இங்கே இடம் குறைவு. பெல்ஃபாஸ்டில் கேக்கின் மேல் எழுதச் சொன்ன ஆதரவு வாசகத்தைத்தான் கடைக்காரர் மறுத்தார், ஆளை மறுக்கவில்லை என்பதே பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் முடிவுக்கு அடிப்படை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் மேல் எவரும் வாசகம் எழுதச் சொல்வதில்லை. அதை மறுத்தால் மறுக்கப்படுவது வாங்க வந்த ஆள் மட்டுமே. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளதைப் போன்ற ஒரு பிரிவு, பாலீர்ப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு எழுதப்பட வேண்டும்.

விடுதி விவகாரம் இதனினும் விசித்திரமானது: இரண்டு ஆண்கள் சேர்ந்து அறை கேட்டால் பொதுவாக எவரும் புருவம் உயர்த்துவதில்லை, மணமாகாத ஆணும் பெண்ணும் கேட்டால்தான் சிக்கல். 2019 ஜூனில் சீல் வைக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தால் திறக்க உத்தரவிடப்பட்ட கோவை விடுதியின் வழக்கை அடுத்த வாரம் தவறாமல் காணலாம்.