பங்கு தெரிந்த பிள்ளைகள்

வல்லூர் சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் அளவு விளங்கிவிடும். நாற்பது அடிப் பெட்டியைச் சுமந்த டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பெட்டிகளைப் பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் துறைமுகத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் கேட்டால் டிரைவர், செக்யூரிட்டி, கான்ட்ராக்ட் லேபர் என்பதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். அதுதான் மனதை உறுத்துகிறது. ஏனென்றால் காகிதம் நகராமல் அந்தப் பெட்டி ஓரடிகூட நகராது. அந்தக் காகிதம்தான் காமர்ஸ் படிப்பு.

ஒரு பெட்டியின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திர பாகங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நேர்ப்பழக்கம் கிடையாது. பணம் கைக்கு வராமல் சரக்கை ஏற்ற அவருக்குத் தயக்கம், சரக்கைப் பார்க்காமல் பணம் கொடுக்க இவருக்குத் தயக்கம். நடுவில் வங்கி வந்து, இன்னின்ன ஆவணங்களைக் காட்டினால் பணம் தருகிறேன் என்று எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) திறக்கிறது. அந்த ஆவணங்களை வரிக்கு வரி சரிபார்ப்பதற்கென்றே வங்கிகளில் தனிப் பிரிவு உண்டு. கப்பல் கம்பெனி கொடுத்த சரக்கு ரசீதான பி.எல்.லில் (பில் ஆஃப் லேடிங்) ஒரு தேதி பொருந்தாவிட்டாலும் பணம் அங்கேயே நின்றுவிடும். வழியில் சரக்குக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதைக் கடல் காப்பீடு எழுதியவர் பார்க்கிறார்.

கப்பல் கரையை நெருங்கும்போது வேலை கிளியரிங் ஏஜென்ட் கைக்கு வருகிறது. துறைமுகப் பக்கம் இன்னும் எல்லாரும் சிஹெச்ஏ (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) என்றுதான் சொல்வார்கள். சட்டத்தில் இன்றைய பெயர் சுங்கத் தரகர். இறக்குமதிச் சரக்கின் விவரத்தைச் சுங்கத்துறைக்குச் சொல்லும் பில் ஆஃப் என்ட்ரியை, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட வேண்டும். தவறினால் முதல் 3 நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு 8 இலக்க எண் இருக்கிறது. முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொது, கடைசி இரண்டும் இந்தியா சேர்த்தவை. நம் ஊர் இறால் வெளிநாடு போகும்போது அந்த எண் 0306 என்று தொடங்கும். எண் மாறினால் வரி மாறும், சில நேரம் அனுமதியே மாறும். ஆகவே பொருள் என்னவென்று புரிந்துகொண்டு சரியான எண்ணைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் நல்ல மதிப்பு. வரி கட்டி, ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ என்ற சுங்க விடுவிப்பு வாங்கி, கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் எடுத்து, யார்டு வாடகை ஏறுவதற்கு முன்னால் பெட்டியை வெளியே கொண்டுவந்தாக வேண்டும்.

இந்தத் தொழிலுக்குள் போகும் படிகள் ஏறக்கூடியவைதான். பிளஸ் டூ முடித்தவர் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் சேர்ந்து, ஊழியருக்கான அடையாள அட்டையான ஹெச் கார்டு பெறலாம். சுங்கத்துறை வைக்கும் தேர்வில் தேறினால் அடுத்த படியான ஜி கார்டு. பட்டப்படிப்போடு ஜி கார்டில் 2 ஆண்டு அனுபவமும் இருந்தால், உரிமத்துக்கான அகில இந்தியத் தேர்வையே எழுதலாம். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் தேறி உரிமம் வாங்கிவிட்டால் சொந்தப் பெயரில் தொழில் தொடங்கலாம். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடிக்க விரும்பும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழியை நான் அறியேன். துறைமுகத்தின் பெரிய பதவிகளைக் குறிவைப்பவர்களுக்கு, 2008-இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையிலேயே இருக்கிறது. துறைமுக நிர்வாகத்தில் எம்.பி.ஏ. படிப்பும் அங்கே உண்டு.

சி.ஏ. பற்றி ஒரு வார்த்தை. அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்ற எண்ணம் இந்தப் பக்கம் வேரோடியிருக்கிறது. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிக்கிள்ஷிப் என்னும் செயல்முறைப் பயிற்சி 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்திருக்கிறது, அந்தக் காலத்தில் உதவித்தொகையும் வரும். கடினமான தேர்வு என்பதை மறைக்கக் கூடாது. பலமுறை எழுதித் தேறியவர்களே மிகுதி. அந்தக் காத்திருப்பைத் தாங்கும் தெம்பு வீட்டில் இருக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. இல்லையென்றால் முதலில் ஜி கார்டு, பிறகு சி.ஏ.வோ காஸ்ட் அக்கவுண்டன்சியோ என்று வரிசையை மாற்றிக்கொள்ளலாம், தவறில்லை.

கணக்கு இந்தக் கரைக்குப் புதிதல்ல. காசிமேட்டில் விசைப்படகு கரை சேர்ந்ததும் மீன் ஏலம் போகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து, மிஞ்சியதில் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிகிறது. வலை வாங்க முன்பணம் கொடுத்த வியாபாரிக்கு மீனைக் கொடுத்தாக வேண்டும். அவர் கமிஷனும் அதில் போகும். பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடலாம் என்று முறைவைத்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. வீட்டில் அம்மா ஏலச்சீட்டு போடுகிறார். அவசரத்துக்குச் சீட்டைத் தள்ளி எடுத்தால் எவ்வளவு நட்டம் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவார். நடைமுறை மூலதனம், கழிவு, வட்டி என்று பாடப்புத்தகம் சொல்வதெல்லாம் இவைதான். அம்மாவின் விரல்கணக்குக்கும் புத்தகத்தின் சொல்லுக்கும் இடையே பாலம் போட்டுக் கொடுக்க ஒரு ஆசிரியர் வேண்டும்.

பங்கு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கின் விலை 2023 ஜூனில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் வேறெந்தப் பங்கும் அதற்கு முன் அந்த விலையைத் தொட்டதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை எல் அண்ட் டி கட்டியது; 2018-இல் அதன் 97 சதவீதப் பங்கு அதானி குழுமத்துக்குக் கைமாறியது. பக்கத்திலேயே இருக்கும் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசிடம் இருந்த 67 சதவீதப் பங்கை 2020-இல் சென்னைத் துறைமுகம் சுமார் 2,383 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அப்படியானால் முழுத் துறைமுகத்துக்கு என்ன விலை? பிளஸ் டூ பிள்ளை அரை நிமிடத்தில் போடும் கணக்கு அது, ஏறத்தாழ 3,557 கோடி வரும். ஆனால் 67-க்கு 2,383 என்று முதலில் முடிவு செய்தது எப்படி? கடன் எவ்வளவு, வருகிற ஆண்டுகளில் எத்தனை கப்பல் வரும், நிலத்துக்கு என்ன மதிப்பு என்று பார்த்து அதைக் கணித்துச் சொல்வதே ஒரு தொழில். வேல்யூயேஷன் என்று அதற்குப் பெயர். நம் கண்முன் இருக்கும் கடற்கரை விலைபோகும்போது, கணித்துச் சொல்லும் மேசையில் இந்தக் கரைப் பிள்ளை ஒருத்தியாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இது வெறும் சம்பள ஆசை இல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை முகத்துவாரம் கறுத்தது. இழப்பீடு என்று வந்ததும் முதல் கேள்வி, உங்கள் வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்பது. தினமும் கையில் வாங்கி அன்றே செலவழிக்கும் கட்டுமரக்காரரிடம் எந்த ரசீது இருக்கும்? எத்தனை நாள் தொழில் போனது, எத்தனை வலை பாழானது என்று எழுதி வாதாட, கணக்குப் படித்த ஆள் ஊருக்குள் வேண்டும். காப்பீட்டுத் துறையில் உரிமம் பெற்ற சர்வேயர்களின் அன்றாட வேலையே இழப்பைக் கணிப்பதுதான். நிறுவனங்களிடம் கணக்குக் கேட்கவும் இதே படிப்பு உதவும். கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; அது எங்கே போனது என்பது ஆண்டறிக்கையில் இருக்கும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தைக் குப்பத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வருகிறார்கள். அந்தத் திட்டத்தின் ஆயிரக்கணக்கான பக்க அறிக்கைகளை ஊர்க்கூட்டத்தில் தமிழில் பிரித்துச் சொல்லவும் பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவர்கள் தேவை.

மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜாஜி சாலை. அங்கேயே கஸ்டம்ஸ் ஹவுஸ். பின்னால் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு மாடிகளில் கிளியரிங் அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. காமர்ஸ் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுதில் அங்கே அழைத்துப் போகலாம். பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டுப் பழைய பில் ஆஃப் என்ட்ரி நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அந்த வாரம் முழுக்க வகுப்பில் அதையே பாடமாக நடத்தலாம்.