சவ்வுக்குள் நுழையும் கஞ்சா மூலக்கூறு

கஞ்சாச் செடியின் பூங்கொத்தைத் தொட்டால் விரலில் பிசின் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் போகாது. எண்ணெய் தேய்த்தால் கரைந்துவிடும். அந்தப் பிசினில் இருக்கும் கன்னாபினாய்டுகளின் அடிப்படைக் குணம் இதுதான்: நீரை விலக்கிக் கொழுப்பை நாடுவது.

உடலிலுள்ள ஒவ்வொரு செல்லையும் சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வு சூழ்ந்திருக்கிறது. அது கொழுப்பு மூலக்கூறுகளாலான இரட்டை அடுக்கு. அவற்றின் தலைகள் நீரை நோக்கி வெளியே நிற்கும். வால்கள் உள்ளே மறைந்திருக்கும். போதை தரும் டிஎச்சி மூலக்கூறு இந்த வால்களுக்கு இடையே புகுந்துகொள்கிறது. நீரை நாடும் அதன் ஹைட்ராக்சில் தொகுதி மட்டும் தலைகளின் பக்கம் திரும்பி நிற்கும். இதனால் வால்களின் ஒழுங்கான அடுக்கு குலைகிறது.

டிஎச்சியைத் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பை 1964இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கயோனியும். மயக்க மருந்துகளைப் போல, சவ்வைக் குலைப்பதால்தான் அது போதை தருகிறது என்று பலர் அப்போது எண்ணினர். ஆனால் டிஎச்சிக்கு வலக்கை, இடக்கை போன்ற இரண்டு வடிவங்கள் உண்டு. இரண்டும் கொழுப்பில் ஒரே அளவு கரையும். போதையோ ஒன்றில்தான் மிகுதி. கரைவது மட்டும் காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. கையுறை போல வடிவம் பார்த்து ஏற்கும் புரதம் ஒன்று இருக்கவேண்டும். 1988இல் ஆலின் ஹவ்லெட், வில்லியம் டெவேன் குழுவினர் மூளையில் அந்த ஏற்பியைக் கண்டறிந்தனர். அதுவே சிபி1.

அதனால் சவ்வின் பங்கு முடிந்துவிடவில்லை. சிபி1 சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். 2016இல் வெளியான அதன் முப்பரிமாண அமைப்பில், டிஎச்சி பிணையும் குழியின் வெளிவாயைப் புரதத்தின் முனையே மூடி போல அடைத்திருந்தது. ஆகவே டிஎச்சி முதலில் சவ்வில் கரைந்து, பிறகு பக்கவாட்டு இடைவெளி வழியாக ஏற்பிக்குள் நுழைவதாகக் கருதப்படுகிறது. சவ்வுதான் அதற்குப் பாதை.

உடல் தானே சுரக்கும் கன்னாபினாய்டும் சவ்விலிருந்தே பிறக்கிறது. 1992இல் மெக்கூலம் குழு கண்டறிந்த அனந்தமைடு, தேவைப்படும்போது சவ்வின் கொழுப்பிலிருந்து உருவாகிறது. ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கஞ்சாவிலுள்ள மற்றொரு கன்னாபினாய்டான சிபிடிக்கும் டிஎச்சிக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் சிபிடியில் ஒரு வளையம் திறந்திருப்பதால் மூலக்கூறின் வடிவம் மாறுகிறது. அது சிபி1 ஏற்பியைச் சரியாகப் பற்றுவதில்லை, போதையும் தருவதில்லை. கடுமையான சிலவகை வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்கா அதை மருந்தாக அனுமதித்தது. கொழுப்பு மிகுந்த உணவோடு உட்கொண்டால் அது பல மடங்கு அதிகமாக உடலில் சேர்கிறது. டிஎச்சியோ உடலின் கொழுப்பில் தங்கி மெல்லக் கசிகிறது. தொடர்ந்து பயன்படுத்துவோர் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் சிறுநீரில் அதன் தடயம் தெரிவது இதனால்தான்.